கருப்பட்டி நிறத்தில் ஒரு கை

ஆதிரைக்கு மனிதச் சூடு ஆகாது.

பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதக்கும் தொலைநோக்கி அது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது பார்ப்பதில்லை. அகச்சிவப்பை, அதாவது வெப்பத்தின் வெளிச்சத்தைப் பார்க்கும். நிலாவில் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தால் அதன் உடம்புச் சூடு ஆதிரைக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அப்படிப்பட்ட கண்ணுக்குப் பக்கத்தில் கதகதப்பாக எதுவும் போகக் கூடாது. போனால் கேமரா வெந்துவிடும். அதனால்தான் டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஒரு வெயில் மறைப்பை விரித்து, அதன் நிழலில் ஆதிரையை நடுங்க வைத்திருந்தார்கள்.

அந்த நடுக்கத்துக்குப் பொறுப்பு நேவிஸ் மேரி. தூத்துக்குடிக்காரி, நாற்பத்தெட்டு வயது. பனிமய மாதாவின் போர்த்துக்கீசியப் பெயரைத்தான் அவள் ஊரில் பாதிப் பேருக்கு வைத்திருந்தார்கள், அவளுக்கும் சேர்த்து. பனி என்ற அந்தப் பேருக்கு ஏற்ற வேலையாக, ஆதிரையின் குளிர்க்குழாய்கள் எல்லாவற்றையும் வடிவமைத்தவள் அவள். ஆதிரை எடுத்த படங்களை உலகம் கொண்டாடியது. விண்மீன்கள் பிறக்கும் தூசித் தூண்கள் பட்டுப் புடவையின் முந்தானைக்கு வந்தன, ஆட்டோக்களின் முதுகுக்கு வந்தன, கல்யாணப் பத்திரிகையின் உறைக்குக்கூட வந்தன. நேவிஸ் அவற்றை நின்று பார்த்ததில்லை. படம் நன்றாக வந்தது என்றால் குழாய் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். அவளுக்கு அது போதும்.

இப்போது படம் வரவில்லை. மணல் பருமனுள்ள ஒரு விண்கல் வெயில் மறைப்பைக் கிழித்துப் போட்டது. கிழிந்த சவ்விலிருந்து ஒரு கீற்று பறந்து வந்து கேமராவின் வாயில் செருகிக்கொண்டது. எடுக்கப் போன ஆளில்லா எந்திரத்தால் முடியவில்லை. முடியாததோடு நில்லாமல், அது நகர்வதற்காக ஊதிய வாயு கீற்றின்மேல் உறைபனியாகப் படிந்துவிட்டது. கடைசியில் மனிதரை அனுப்புவது என்று முடிவானது. குளிரை அறிந்த ஆளாக நேவிஸையும், ‘வள்ளம்’ என்ற சிறு கலத்தை ஓட்டப் பருத்தித்துறைக்காரன் குகதாசனையும் அனுப்பினார்கள்.

அவசரத்துக்குக் காரணம் ஒரு விண்மீன். ஆதிரைத் திட்டத்தின் இயக்குநர் உமையாள், அவர்கள் புறப்படும்போதே அதைச் சொல்லியிருந்தார்.

“முதல் தலைமுறை விண்மீன் நேவிஸ். பிரபஞ்சத்துல முதன்முதலா வெளக்கு ஏத்துனாங்களே, அந்தக் கூட்டத்துல ஒண்ணு. அதோட வெளிச்சம் கெளம்பி ஆயிரத்து முந்நூறு கோடி வருஷம் ஆச்சு.”

“அவ்வளவு தூரத்துல இருக்கது எப்படி மேடம் தெரியும்?”

“சாதாரணமா தெரியாது. நடுவுல ஒரு பெரிய விண்மீன் மண்டலக் கூட்டம் இருக்கு. அதோட ஈர்ப்பு வெளிச்சத்த வளைச்சு பூதக்கண்ணாடி மாதிரி பெருசாக்கிக் காட்டும். அந்தக் கண்ணாடியோட விளிம்பை அந்த விண்மீன் தாண்டும்போது மட்டும் பளிச்சுனு தெரியும். கொஞ்ச நேரந்தான். அப்பறம் அது எப்பவும் கெடையாது. எங்க கணக்குப்படி நீங்க போய்ச் சேந்த ஒன்பதாம் நாள்.”

உமையாள் தன் ஆயுளில் பாதியை ஆதிரைக்குக் கொடுத்தவர். அதைத் தன் வாயால் சொல்ல மாட்டார். ஆனால் ‘ஒன்பதாம் நாள்’ என்றபோது, கல்யாண நாள் குறித்த வீட்டில் பேசுகிற மாதிரி அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது.

வள்ளம் போய்ச் சேர்ந்ததும் நேவிஸ் விண்ணுடையை மாட்டிக்கொண்டாள். அது சாதாரண விண்ணுடை கிடையாது. உள்ளே ஆள் கதகதப்பாக இருப்பாள். வெளித்தோலோ ஆதிரையைப் போலவே உறைந்துபோயிருக்கும். உள்சூடு ஒரு பொட்டும் வெளியே கசியாது.

“அக்கா, ஐஸ்பெட்டி ஒண்டு நடந்து போற மாதிரி இருக்குது” என்றான் குகதாசன், கதவைத் திறந்துவிட்டு.

“பெட்டிக்குள்ள மீன் கெடக்கு தம்பி. பத்திரமா பாத்துக்கிடு.”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறைப்பின் விளிம்பைத் தாண்டினாள். சூரியன் அணைந்தது. அப்படி ஓர் இருட்டை அவள் கண்டதில்லை. தலைவிளக்குக்கு அனுமதியில்லை. விரல்நுனியில் மின்மினி அளவுக்கு ஒரு குளிர் விளக்கு மட்டும் இருந்தது. ஆதிரை பார்த்துக்கொண்டிருந்த திசையை அவளும் பார்த்தாள். கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை, வெறும் கருமை. ‘இதுக்குள்ளயா அவ்வளவும் இருக்கு?’ என்று நினைத்தவாறே கேமராவின் வாய்க்கு வந்து சேர்ந்தாள்.

சிறு விளக்கைக் காட்டியதும் புரிந்துவிட்டது. கீற்றின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் உள்ளே மடங்கி, உலோகத்தோடு பனியால் ஒட்டிப்போயிருந்தது. மெல்ல இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் இழுத்தால் பாதியில் அறுந்து, மறுபாதி உள்ளேயே தங்கிவிடும்.

“மேடம், இது செருகிக்கிட்டு மட்டும் நிக்கல. ஒட்டிக்கிட்டு நிக்கி. இழுத்தா பிஞ்சிரும்.”

அவள் பேச்சு பூமிக்குப் போய்ச் சேர ஐந்து நொடி, பதில் வர ஐந்து நொடி. அந்த இடைவெளியில் தன் மூச்சு மட்டும் கேட்டது.

“அப்ப திரும்பி வாங்க” என்றார் உமையாள். குரலில் அசைவே இல்லை. “வேற கருவி செஞ்சு, அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“ஒன்பதாம் நாள்?”

பத்து நொடி. “அது போனாப் போகுது.”

போனாப் போகுது என்ற வார்த்தையைச் சொல்ல அந்த அம்மாள் எவ்வளவு சிரமப்பட்டிருப்பார் என்று நேவிஸுக்குத் தெரிந்தது. அவள் கீற்றைப் பார்த்தாள். வெறும் பனி. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஐஸ் பாளத்தில் ஒட்டிக்கொண்ட மீனை எத்தனை பேர் எடுப்பதைப் பார்த்திருக்கிறாள். யாரும் பிடுங்க மாட்டார்கள். உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைப்பார்கள்.

“மேடம், நான் கைய வெக்கேன்.”

வள்ளத்திலிருந்து குகதாசன் கத்திவிட்டான். “அக்கா, உங்களுக்கு விசரே! கையுறைக்குள்ள இருக்கிற ஹீட்டர் கம்பியின்ர சூடு கேமராவில பட்டால் அவ்வளவுதான், முடிஞ்சுது!”

“ஹீட்டர அணைச்சிருவேன். வெளித்தோலுக்குப் போற குளிரையும் அந்தக் கைக்கு மட்டும் நிப்பாட்டிருவேன். வெறும் உடம்புச் சூடுதான் தம்பி. கம்பி நெருப்புன்னா, இது கோழி முட்டைமேல உக்காருத சூடு. கொஞ்சங்கொஞ்சமா குடுத்தா கேமரா தாங்கும். குழாய் போட்டவ நான், எனக்குத் தெரியும்.”

“கேமரா தாங்கும். கை தாங்குமே? அந்த இரும்பு பூச்சியத்துக்குக் கீழ இருநூறுக்கும் மேல நிக்குது. நீங்கள் குடுக்கிற சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விரல் போயிடும் அக்கா!”

நேவிஸ் பதில் சொல்வதற்குள் உமையாளின் குரல் வந்தது. அவள் முதலில் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார். “வேண்டாம். நான் சொல்றதக் கேளுங்க. படத்துக்காக ஒருத்தர் விரலை வாங்குனேன்னு நாளைக்கு என்னால தூங்க முடியாது. இது உத்தரவு.”

அது நியாயமான உத்தரவு. நேவிஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சற்று யோசித்தாள். தான் இந்த அம்மாளுக்காகச் செய்கிறோமா, முந்தானைப் படங்களுக்காகச் செய்கிறோமா என்று பார்த்தாள். இரண்டும் இல்லை. எதிரில் ஆதிரை என்ற இந்தப் பிள்ளை வாயில் துணி அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக அவள் கால் வரவில்லை.

“மேடம், இருவது வருசமா இவளக் குளிர வெக்கதுதான் என் சோலி. ஒரே ஒரு தடவை சூடு குடுக்கேன். கை என்னோடது. நீங்க வாங்கல, நான் குடுக்கேன். முடியலைன்னா எடுத்துருவேன், மாதா மேல சத்தியம்.”

பத்து நொடி ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. 

“கேமராவ நான் அணைக்க மாட்டேன்” என்றார் உமையாள் மெதுவாக. “சூடு எவ்வளவு உள்ள போகுதுன்னு அது எடுக்கற படத்த வச்சுத்தான் எனக்குத் தெரியும். நான் நிறுத்துன்னா நிறுத்தணும். குகதாசன் உங்க விரலோட வெப்பத்தப் பாப்பார். அவர் நிறுத்துன்னாலும் நிறுத்தணும்.”

“சரி மேடம்.”

அவள் வலது கையின் ஹீட்டரை அணைத்தாள். கையுறையின் குளிரை நிறுத்தினாள். உள்ளங்கையைக் கீற்றின் மேல் வைத்தாள்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு பல்லில் ஐஸ் பட்ட மாதிரி ஒரு கூச்சம். அப்புறம் வலி, எலும்பைப் பிடித்து யாரோ திருகுகிற வலி.

“கதைச்சுக்கொண்டே இருங்கோ அக்கா” என்றான் குகதாசன். “பேச்சு நிண்டால் நான் வந்து இழுத்துக்கொண்டு போயிடுவன்.”

“என்னத்தப் பேச?”

“சாப்பாடு. எங்கட பருத்தித்துறை வடை சாப்பிட்டிருக்கிறியளோ? தட்டையா, முறுகலா, ஒரு மாசம் வச்சுத் தின்னலாம்.”

“ஒரு மாசம் வெச்சுத் தின்ன அது வடையா ஓடா? எங்க ஊரு மக்ரூன வாயில வெச்சா வெச்ச எடம் தெரியாது.”

“காத்தத் தின்னுறதுக்கு ஒரு பேர் வச்சிருக்கிறியள்.”

“ஏலே, முந்திரிப் பருப்புலே அது!” வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சண்டை மும்முரமானது. மக்ரூனின் வெள்ளைக்கருவிலிருந்து வடையின் பெருஞ்சீரகம் வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுநடுவே உமையாளின் குரல், “சூடு ஏறுது, ஆனா எல்லைக்குள்ள இருக்கு” என்று ஒலித்தது.

பிறகு வலி நின்றது. நேவிஸுக்கு அதுதான் பயமாக இருந்தது.

“சுண்டுவிரல் சரியாக் குளிர்ந்திட்டுது. எடுங்கோ அக்கா. இப்ப எடுங்கோ.”

அந்த நேரத்தில் உள்ளங்கையின் கீழ் ஏதோ நழுவியது. பனி ஆவியாகி வெளிப்பக்கமாகப் போய்விட்டிருந்தது. அவள் இடது கையால் முனையைப் பிடித்து, குழந்தையின் வாயிலிருந்து நூலை எடுப்பது போல இழுத்தாள். கீற்று முழுசாக வந்தது. பாம்புச் சட்டை மாதிரி நீளமாக, பளபளவென்று வந்தது.

“வந்துட்டு!” என்று கத்தினாள். மரத்துப்போன வலது கையை விரித்தபடியே கேமராவின் முன்னிருந்து விலக்கிக்கொண்டாள்.

வள்ளத்துக்குள் குகதாசன் அவள் கையை வெதுவெதுப்பான நீர்ப்பைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். நிறம் திரும்பியது, வலியும் திரும்பியது. வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, “வலிக்கட்டும், நல்ல சாமான் அது” என்றான். சுண்டுவிரல் நுனி மட்டும் திரும்பவில்லை. பூமியிலிருந்து மருத்துவர் பார்த்துவிட்டு, நகக்கண்ணுக்கு மேலே போய்விடும், மற்றதெல்லாம் தப்பிக்கும் என்றார். நேவிஸ் அந்த நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வருத்தம் இருந்தது. மீன் ஆயும்போது கத்தியில் போயிருக்க வேண்டியது, இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததே பெரிது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பிறகு வெகுநேரம் உமையாளிடமிருந்து பேச்சே இல்லை. கேமரா வெந்துவிட்டதோ என்று நேவிஸ் குகதாசனை இரண்டு முறை இணைப்பைச் சோதிக்கச் சொன்னாள். இணைப்பு வந்தபோது எடுத்ததும் கேட்டது மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“மேடம்? கேமரா போச்சா?”

அந்தப் பத்து நொடி அவளுக்கு ஒரு யுகமாகப் போனது.

“நல்லா இருக்கு. நேவிஸ்... அது வந்துருச்சு.”

“எது?”

“விண்மீன். எங்க கணக்கு தப்பு. நடுவுல இருக்க மண்டலக் கூட்டத்தோட எடையக் கூடுதலாப் போட்டுட்டோம். ஒன்பதாம் நாள் இல்ல. இன்னிக்கு. நீங்க கையை எடுத்தீங்களே, அப்ப கேமரா படம் எடுத்துட்டுதான இருந்துச்சு. அதுல இருக்கு. உங்க ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல இருக்கு. அதுக்கப்பறம் எடுத்த ஒவ்வொரு படத்துலயும் மங்கிட்டே போயி, இப்ப இல்ல. நீங்க திரும்பி வந்திருந்தீங்கன்னா...” அவர் முடிக்கவில்லை. பின்னால் யாரோ விசிலடித்தார்கள், யாரோ மேசையைத் தட்டினார்கள்.

குகதாசன் ஓவென்று கூவிக்கொண்டு ஒரு குட்டிக்கரணம் போட்டான். எடையில்லாத இடத்தில் போட்ட குட்டிக்கரணம் நிற்காமல், நான்கைந்து முறை சுழன்று கூரையில் முட்டிக்கொண்டான். நேவிஸ் நீர்ப்பையோடு மிதந்து போய் அவன் காலைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

சற்று நேரத்தில் படம் வந்தது. வண்ணமில்லாமல், சாம்பலும் வெளிச்சமுமாக இருந்தது. ஓரத்திலிருந்து நடுவரை பெரிதாக, விளிம்பு கலங்கி, வெளிச்சமாக விரிந்த விரல்கள். அவற்றுக்கு அப்பால் நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் சிந்திக் கிடந்தன. நடுவே வில்லாக வளைந்த மெல்லிய ஒளிக்கோடு. அதன்மேல் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி.

“கோடு ஒரு எடத்துல அறுந்திருக்கே” என்றாள் நேவிஸ்.

“அங்க உங்க நடுவிரல் மறைச்சிருக்கு” என்றார் உமையாள். “இங்க அதுதான் சண்டையே. கையை அழிச்சுட்டு, அறுந்த எடத்தக் கம்ப்யூட்டர வச்சு நிரப்பி வெளியிடலாம்னு பாதிப் பேர் சொல்றாங்க. அறிவியல் படத்துல கை எதுக்குன்னு கேக்கறாங்க. உங்ககிட்டக் கேக்காம செய்ய எனக்கு மனசு வரல.”

“அழிச்சிருங்க மேடம். கையப் போயி ஒலகம் பாக்கணுமாக்கும்.”

“பொறுங்கோ அக்கா” என்றான் குகதாசன். அவன் படத்துக்கு வெகு அருகில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தான். “அந்த இடத்தில வர வேண்டிய வெளிச்சம் கேமராவுக்குள்ள போகேல்ல. அப்ப எங்க போனது?”

“எங்க?”

“உங்கட விரலிலதான். ஆயிரத்து முந்நூறு கோடி வருசம் எதிலயும் படாமல் வந்து, முதல் முதலா உங்கட விரலில பட்டு முடிஞ்சிருக்குது.”

நேவிஸ் நீர்ப்பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். நடுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் இத்தனை காலம் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காத அந்த வானம், கிட்டத்தில் வந்து தொட்டுவிட்டுப் போனது போல உடம்பு சிலிர்த்தது.

“அப்ப நிரப்பாதீங்க மேடம்” என்றாள். “அங்க ஒண்ணும் கொறையல. வர வேண்டிய எடத்துக்கு அது வந்து சேந்துட்டு.”

பூமியில் என்ன நடந்ததோ, அடுத்த முறை பேசியபோது உமையாளின் குரல் தெளிந்திருந்தது. “சரி, கை இருக்கும். கோடு அப்படியே அறுந்துதான் இருக்கும். இன்னும் ஒரு கேள்வி. நிறம்.”

“என்ன நிறம்?”

“அகச்சிவப்புக்கு நமக்குத் தெரியற நிறம் கெடையாது. எந்தச் சூட்டுக்கு எந்த நிறம்னு ஒவ்வொரு படத்துக்கும் நாங்கதான் தேர்ந்தெடுப்போம். இந்தக் கைக்கு என்ன நிறம் குடுக்கட்டும்?”

நேவிஸ் சிரித்துவிட்டாள். “இது ஒரு கேள்வியா? கறுப்புதான். என்னைய மொதல்ல பொண்ணு பாக்க வந்தவுக காபியக் குடிச்சுட்டு, பொண்ணு ரொம்பக் கறுப்புன்னு வாசல்ல நின்னே சொல்லிட்டுப் போனாக. அடுத்தாப்பல வந்து எங்க வீட்டுக்காரர் ஜெரோமுக்கு என்னைய எடுத்தவுக கண்ணாடி போட மறந்துட்டு வந்தாகன்னு எங்க தெருவே பேசிச்சு. கறுப்பே குடுங்க மேடம், பொய் சொல்ல வேண்டாம்.”

பத்து நொடி கழிந்தது.

“குடுக்க முடியாது நேவிஸ். வெளிச்சமே இல்லாத எடத்துக்குத்தான் கறுப்பு. இந்தப் படத்துலயே பெரிய வெளிச்சம் உங்க கைதான். அத்தன மண்டலத்தையும் அந்த விண்மீனையும் தூக்கிக் காட்டித்தான் உங்க கைக்குப் பக்கத்துல தெரிய வைக்க வேண்டியிருக்கு. முறைப்படி பாத்தா வெள்ளை குடுக்கணும்.”

 வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன அந்த மனிதர்கள் நினைவுக்கு வந்தார்கள். இப்போது அவர்கள்மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை.

“வெள்ளை வேண்டாம் மேடம்” என்றாள். “எங்க பக்கத்து உடன்குடில கருப்பட்டி காய்ச்சுவாங்க. பாகு கொதிக்கையில பாத்தா கன்னங்கரேல்னு இருக்கும். அத ஒரு கரண்டியில மோந்து, வெயிலுக்கு நேராத் தூக்கி ஊத்திப் பாத்திருக்கீங்களா? உள்ளுக்குள்ள வெளிச்சம் போயிட்டு வரும் பாருங்க. அந்த நிறம்.”

அந்தச் சொல் உமையாளைப் போய்ச் சேர ஐந்து நொடி, பதில் வர ஐந்து நொடி. 

“பாத்ததில்ல” என்று பதில் வந்தது. “இருங்க, உடன்குடிக்கு ஆள் அனுப்புறேன். பாத்துட்டுத்தான் படத்துல கை வைப்பேன்.”